விவசாயக் கொட்டகைக்கு அனுமதிச் சிக்கல் வந்தால்: இங்கிலாந்தில் நிலம் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வைக்கோல் கொட்டகை, மாட்டுத் தொழுவம், கருவிக் கிடங்கு போன்றவற்றை எழுப்புவதில் நில உரிமையாளருக்கும் உள்ளூர் கவுன்சிலுக்கும் இடையே தகராறு மூளும்போது, பலரும் முதலில் தேடுவது சட்டப் பிரிவுகளைத்தான். ஆனால் அந்தத் தகராறுகள் பெரும்பாலும் இரண்டு எளிய கேள்விகளைச் சுற்றியே நடக்கின்றன: அந்த நிலத்தில் உண்மையில் விவசாயம் ஒரு தொழிலாக நடக்கிறதா? நடக்கிறது என்றால், அதற்கு இந்த இடத்தில், இந்த அளவில் ஒரு கட்டடம் தேவையா? இவ்விரண்டுக்கும் எழுத்து ஆதாரத்தோடு பதில் வைத்திருப்பவருக்குச் சட்டம் பெரும்பாலும் துணை நிற்கிறது. இல்லாதவருக்கு மிகத் திறமையான ஆலோசகராலும் அதிகம் செய்ய இயலாது. கீழே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு.

விவசாயம் என்று சட்டம் எதைச் சொல்கிறது

1990-ஆம் ஆண்டின் நகர மற்றும் ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 336-ஆம் பிரிவு விவசாயத்துக்குத் தரும் வரையறை மிக விரிவானது. தோட்டப்பயிர், பழ மரங்கள், விதை உற்பத்தி, பால் பண்ணை, உணவுக்காகவோ கம்பளிக்காகவோ தோலுக்காகவோ கால்நடை வளர்ப்பது, மேய்ச்சல் நிலம், நாற்றங்கால் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். குதிரைகளின் விஷயத்தில்தான் பலர் தவறான நம்பிக்கையோடு பணத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். குதிரை புல் மேய்வதற்கு நிலத்தை விடுவது விவசாயம்தான். சவாரிக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் அதே குதிரைக்குத் தீவனம் போட்டு, லாயம் கட்டி, பயிற்சி தருவது விவசாயம் ஆகாது. ஆகவே "விவசாயக் கட்டடம்" என்ற பெயரில் லாயம் கட்டினால் அது பிற்பாடு நிச்சயம் சிக்கலைக் கொண்டுவரும்.

வரையறைக்குள் வருவது மட்டும் போதாது. திட்ட அனுமதிக்குத் தனி விண்ணப்பம் இல்லாமலே கட்டுவதற்கு உரிமை தரும் 2015-ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை, நிலம் ஒரு தொழிலின் அல்லது வணிகத்தின் பொருட்டு விவசாயத்துக்குப் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும், கட்டடம் எழும் முன்பே அந்தப் பயன்பாடு இருந்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நிலத்தை வாங்கிய அடுத்த மாதமே, ஓர் ஆடும் வந்து சேராத நிலையில், பெரிய கொட்டகைக்கு அறிவிப்பு அனுப்புவோரைக் கவுன்சில் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அந்த ஐயம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். விவசாயத்தின் பெயரைச் சொல்லி வயல் நடுவே வீடு எழுப்பிய கதைகளை அந்த அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

ஆதாரங்களை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பண்ணையின் பதிவு எண்ணான சிபிஎச் (CPH) எண், மாடுகளின் அடையாள ஆவணங்களான பாஸ்போர்ட்டுகள், ஆடுகளை இடம் மாற்றிய பதிவேடு, தீவனம் வாங்கிய ரசீதுகள், கால்நடை மருத்துவரின் கட்டணச் சீட்டுகள், விற்பனைச் சீட்டுகள், வருமான வரிக்குக் காட்டிய பண்ணைக் கணக்கு ஆகியவை அதில் இருக்கட்டும். அக்கம்பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்து மேய்த்தால் அந்த ஒப்பந்தம் வாய்மொழியாக நின்றுவிடக் கூடாது. உங்கள் பண்ணையின் மொத்தப் பரப்பில் அதைச் சேர்த்துக் காட்ட வேண்டிய நாள் வரலாம். அப்போது கையெழுத்திட்ட தாள் இல்லாவிட்டால் அந்த ஏக்கர்கள் கணக்கில் ஏறாமல் போகும்.

தனி விண்ணப்பம் இல்லாமல் எப்போது கட்டலாம்

பொது அனுமதி ஆணையின் இரண்டாம் அட்டவணை, ஆறாம் பகுதி, ஏ வகுப்பு என்பதே இங்கு மையமான விதி. பண்ணையின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கருக்குச் சற்று மேல், அல்லது அதற்கு அதிகமாக இருந்தால்தான் புதிய கட்டடம் எழுப்பும் உரிமை கிடைக்கும். 0.4 முதல் 5 ஹெக்டேர் வரையுள்ள பண்ணைகளுக்குரிய பி வகுப்பு, ஏற்கெனவே உள்ள கட்டடத்தை விரிவாக்கவும் மாற்றவும் மட்டுமே இடம் தருகிறது. ஐந்து ஏக்கர் வாங்கிவிட்டுப் புதிய கொட்டகையைப் பொது அனுமதியில் போட்டுவிடலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு முழுத் திட்ட அனுமதி விண்ணப்பம் தேவை.

ஏ வகுப்பின் வரம்புகள் கறாரானவை. கட்டடம் எழும் துண்டு நிலம் பண்ணையின் மற்ற பகுதியிலிருந்து பிரிந்து கிடந்தால் அந்தத் துண்டு 1 ஹெக்டேருக்குக் குறையக் கூடாது. தரைப்பரப்பு 1,500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 16,000 சதுர அடிக்குள், இருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு மே 21 வரை இந்த வரம்பு 1,000 சதுர மீட்டராக இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் 90 மீட்டர் சுற்றளவில் அதே பண்ணையில் கட்டியவையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், பெரிய கொட்டகையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் உத்தி பலிக்காது. உயரம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. விமான ஓடுதளத்தின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் என்றால் 3 மீட்டர்தான். முதன்மைச் சாலை அல்லது வகைப்படுத்தப்பட்ட சாலையின் தார்ப்பகுதியிலிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். குடியிருப்பு இந்த வகுப்பில் அடங்காது.

கட்டடம் விவசாயத்துக்கென வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் அதன் தோற்றத்தையும் உள் அமைப்பையும் வைத்தே பார்க்கின்றன. விமானக் கொட்டகை ஒன்றை வயலில் நிறுத்தியதைப் பற்றிய 1962-ஆம் ஆண்டு வழக்கில் வகுக்கப்பட்ட இந்த அணுகுமுறை இன்றும் தொடர்கிறது. அகலமான கண்ணாடிச் சன்னல்கள், செங்கல் சுவர், மேல்மாடி, குளியலறை ஆகியவற்றை வரைபடத்தில் போட்டுவிட்டு இது தானியக் கிடங்கு என்று வாதிடுவது வீண் முயற்சி.

எல்லாவற்றிலும் அதிகச் சண்டை நடப்பது 400 மீட்டர் விதியைப் பற்றித்தான். பண்ணைக்கு வெளியே மனிதர்கள் வசிக்கும் அல்லது வழக்கமாகப் பயன்படுத்தும் நிரந்தரக் கட்டடத்தின் மனையெல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் கால்நடைகளை அடைக்கவோ, சாணக் கழிவைத் தேக்கவோ கட்டடம் எழுப்புவதற்கு ஏ வகுப்பு இடம் தராது. வைக்கோலுக்கு என்று சொல்லி அந்த எல்லைக்குள் கட்டிய கொட்டகையிலும், கட்டி முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மாடுகளை அடைக்க முடியாது. வழக்கமாக வெளியில் திரியும் விலங்கு நோயுற்றாலோ, ஈனும் வேளையிலோ, கடுமையான வானிலையிலோ, 400 மீட்டருக்கு அப்பால் வேறு தகுந்த கட்டடம் இல்லையென்றால் தற்காலிகமாக அடைக்கலாம் என்ற விலக்கு உண்டு. அந்த விலக்கை ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்க முயல்வோர்மீது பக்கத்து வீட்டுக்காரரின் புகார் விரைவிலேயே போய்ச் சேரும். ஆகவே வரைபடத்தில் அருகிலுள்ள ஒவ்வொரு வீட்டின் தோட்ட எல்லையிலிருந்தும் அளந்து, அந்தத் தூரங்களை எழுதிக் காட்டுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து அளப்பது பலரும் செய்யும் பிழை.

இருபத்தெட்டு நாள்களும் தேவை அறிக்கையும்

வரம்புகள் அனைத்துக்குள்ளும் வந்தாலும், கட்டத் தொடங்கும் முன் கவுன்சிலுக்கு அறிவித்து, முன் ஒப்புதல் தேவையா என்று கேட்க வேண்டும். கட்டடத்தின் விவரம், பயன்படுத்தப்போகும் பொருள்கள், இடத்தைக் காட்டும் வரைபடம், கட்டணம் ஆகியவை போதும் என்பது ஆணையின் சொல். அவை கிடைத்த நாளிலிருந்து 28 நாள்களுக்குள் முன் ஒப்புதல் தேவை என்று கவுன்சில் சொல்லாவிட்டால் நீங்கள் கட்டலாம். இந்தக் கட்டத்தில் கவுன்சில் ஆராயக்கூடியவை அமைவிடம், வடிவமைப்பு, வெளித்தோற்றம் ஆகிய மூன்று மட்டுமே. அந்த மூன்றை எடைபோடும்போது, கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்ற அடிப்படைக் கேள்வியை மறுபடி திறக்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் "இப்பகுதியில் புதிய கட்டடங்களை ஏற்பதற்கில்லை" என்ற தொனியில் ஒரு காரணம் மட்டும் இருந்தால், அது மேல்முறையீட்டில் பலவீனமான காரணம்.

இதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். கவுன்சில் 28 நாள் மௌனமாக இருந்துவிட்டது என்பதால், ஏ வகுப்புக்குள் வராத ஒரு கட்டுமானம் சட்டபூர்வமாகிவிடாது. வோக்கிங் கவுன்சில் தொடர்பான வழக்கில் 2017-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பரப்பு தவறினாலோ, நிலத்தில் தொழிலாக விவசாயம் நடக்கவில்லை என்றாலோ, விவசாயத்துக்கு நியாயமாகத் தேவைப்படாத கட்டடம் என்றாலோ, பல ஆண்டுகள் கழித்துக்கூட, மீறலைச் சரிசெய்யச் சொல்லும் அமலாக்க நடவடிக்கை வரலாம். எனவே கையில் உள்ள மௌனத்தை நம்பிப் பெரும் பணத்தை முடக்குவதற்கு முன், கட்டப்போவது சட்டபூர்வமானதுதான் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192-ஆம் பிரிவின்கீழ் ஒரு சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. எல்லைக்கோட்டில் நிற்கும் பண்ணைகளுக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

அறிவிப்போடு, சட்டம் கேட்காவிட்டாலும், தேவை அறிக்கை ஒன்றை இணையுங்கள். வழக்கின் விதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டு மூன்று பக்கங்கள்தான். "எனக்குச் சேமிப்பிடம் தேவை" என்று எழுதுவதால் பயனில்லை. நிலத்திலிருந்து தொடங்கிக் கட்டடத்தின் சதுர மீட்டர் வரை கணக்கு ஓட வேண்டும். எத்தனை ஹெக்டேர் புல்லை அறுக்கிறீர்கள், அதிலிருந்து எத்தனை உருளைக் கட்டுகள் கிடைக்கின்றன, எத்தனை மாடுகளுக்குக் குளிர்காலத்தில் எத்தனை கட்டுகள் செலவாகின்றன என்பவற்றை முதலில் சொல்லுங்கள். 1.2 மீட்டர் விட்டமும் அதே அகலமும் கொண்ட கட்டு ஒன்று தரையில் சுமார் 1.44 சதுர மீட்டரை அடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று அடுக்காக அடுக்கப்படும் 200 கட்டுகளுக்கு ஏறத்தாழ 96 சதுர மீட்டர் வேண்டும். அதன்மேல் டிராக்டர் உள்ளே வந்து திரும்புவதற்கான இடம், டிரெய்லர், அறுவடைக் கருவி, விதைப்பான் ஆகியவற்றின் நீள அகலம், உரமும் மருந்தும் பூட்டி வைக்கும் மூலை எனக் கூட்டிச் சென்றால், நீங்கள் கேட்கும் அளவு தானாகவே வந்து நிற்க வேண்டும். கணக்கு 180 சதுர மீட்டரில் முடிந்து, வரைபடம் 450 என்று காட்டினால், அந்த 270-க்கு ஒரு காரணம் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் கொட்டகையைச் சிறிதாக்குங்கள். தற்போதுள்ள ஒவ்வொரு கட்டடத்தின் பயன்பாட்டையும் படத்தோடு விளக்கி, புதிய தேவைக்கு அவை ஏன் பொருந்தவில்லை என்பதையும் எழுதுங்கள். ஒரு பழைய கல் கொட்டகையின் வாசல் இன்றைய டிராக்டருக்குப் போதாது என்பதை ஓர் அளவு நாடாவும் ஒரு புகைப்படமும் காட்டிவிடும்.

இந்த அறிக்கைக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் சேர்க்கும் வாய்ப்பு கிடைக்கும் என்று யாரும் எண்ணியிருக்கக் கூடாது. அறிவிப்போடு வைக்காத சான்றை பிற்பாடு நுழைப்பது கடினம். நுழைத்தாலும் அதன் நம்பகத்தன்மை குறைவாகவே எடைபோடப்படும்.

கட்டிய பிறகும் ஒரு நிபந்தனை தொடர்கிறது. கட்டடம் முடிந்த பத்து ஆண்டுகளுக்குள் அதன் விவசாயப் பயன்பாடு நிரந்தரமாக நின்று, அதற்கடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் வேறு பயன்பாட்டுக்கு அனுமதி பெறாவிட்டால், கட்டடத்தை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பண்ணையை விற்க நினைப்போர் வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

முழு விண்ணப்பம் மறுக்கப்பட்டால்

ஏ வகுப்புக்குள் வராதவற்றுக்கு முழுத் திட்ட அனுமதி கேட்க வேண்டும். மறுக்கப்பட்டால் முடிவுத் தேதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள், இத்தகைய முறையீடுகளை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டிடம் மேல்முறையீடு செய்யலாம். முன் ஒப்புதல் மறுப்புக்கும் இதே கெடு. சாதாரண விண்ணப்பத்துக்கு எட்டு வாரங்களிலும், 1,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டடத்துக்குப் பதின்மூன்று வாரங்களிலும் கவுன்சில் முடிவெடுக்காவிட்டால், முடிவின்மையையே காரணமாக்கி மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

எனினும் மறுப்பு வந்ததும் மேல்முறையீட்டுக்கு ஓடுவதைவிட, காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது நல்லது. கூரையின் நிறம், மண் மேட்டுக்குப் பின்னால் தள்ளிப்போடுவது, வேலியோரம் மரம் நடுவது போன்றவற்றால் தீரக்கூடிய எதிர்ப்பு என்றால், திருத்திய விண்ணப்பம் மேல்முறையீட்டைவிட விரைவாகவும் குறைந்த செலவிலும் முடியும். தேவையே இல்லை என்பதோ, கொள்கையே இடம் தரவில்லை என்பதோ காரணமானால் மேல்முறையீடுதான் வழி.

நகரங்கள் பரவுவதைத் தடுக்க ஒதுக்கப்பட்ட, கிரீன் பெல்ட் எனப்படும் பசுமை வளையத்துக்குள் நிலம் இருப்பவர்கள் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். தேசியத் திட்டமிடல் கொள்கையின்படி அங்கே பெரும்பாலான புதிய கட்டடங்கள் பொருத்தமற்றவை. ஆனால் விவசாயக் கட்டடங்கள் அந்தத் தடைக்கு வெளியே நிற்கின்றன. எப்பிங் ஃபாரஸ்ட் கவுன்சில் அனுமதித்த மாபெரும் கண்ணாடிப் பசுங்கூடம் பற்றிய 2016-ஆம் ஆண்டு வழக்கில், கட்டடம் உண்மையில் விவசாயத்துக்கானது என்றால் அதன் அளவு எவ்வளவு பெரிதாயினும் பசுமை வளையக் கொள்கையின்படி அது பொருத்தமற்றதாகிவிடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலக்காட்சி, சாலைப் போக்குவரத்து, அண்டை வீட்டார் நலன் ஆகியவை தனியாக ஆராயப்படும். அவற்றுக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

மேல்முறையீடு எழுத்து வாதமாகவோ, கலந்துரையாடல் போன்ற அமர்வாகவோ, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் முழு விசாரணையாகவோ நடக்கலாம். கொட்டகைத் தகராறுகளுக்குப் பெரும்பாலும் எழுத்து வாதம் போதும். இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்க்க வரும்போது உங்கள் வாதத்தை அவரிடம் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய பொருள்களைச் சுட்டிக்காட்ட மட்டுமே முடியும். செலவை இரு தரப்பும் தத்தம் பையிலிருந்தே ஏற்க வேண்டும். ஒரு தரப்பு நியாயமற்ற முறையில் நடந்து மற்றவருக்கு வீண் செலவு வைத்தால் மட்டுமே அதைத் திரும்பக் கேட்கலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்ட கட்டடத்துக்கு நோட்டீஸ் வந்தால்

முதலில் வருவது பெரும்பாலும் ஒரு கடிதமோ, தகவல் கேட்கும் திட்டமிடல் மீறல் நோட்டீஸோதான். அந்த நோட்டீஸுக்கு 21 நாள்களுக்குள் பதில் தராதது குற்றம். தெரிந்தே பொய் சொல்வதும் குற்றம். இங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு தேதியும் பின்னர் உங்களுக்கு எதிராகவோ ஆதரவாகவோ படிக்கப்படும் என்பதால், நினைவிலிருந்து எழுதாமல் ரசீதுகளையும் தேதியிட்ட வான்வழிப் படங்களையும் வைத்து எழுதுங்கள்.

கவுன்சில் நடவடிக்கை எடுப்பதற்கான கால வரம்பு பற்றிய பழைய அறிவுரைகள் இப்போது பொருந்தாது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் எல்லாவகை மீறல்களுக்கும் பத்து ஆண்டுகள் என்ற ஒரே வரம்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த நாளுக்கு முன்பே கணிசமாகக் கட்டி முடிந்த கட்டடங்களுக்குப் பழைய நான்கு ஆண்டு வரம்பு தொடர்கிறது. கணிசமாக முடிந்தது என்பதற்குச் சுவரும் கூரையும் நின்றால் போதாது. நினைத்த கட்டடத்தை முழுமையாக வைத்தே அது பார்க்கப்படும் என்று 2003-ஆம் ஆண்டில், அன்று உச்ச நீதிமன்றமாக இயங்கிய பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் விவசாய நிலத்தில் பாதியில் நின்ற ஒரு கட்டடத்தைப் பற்றியதே.

மறைத்துக் கட்டியவருக்குக் காலம் துணை நிற்காது. வெல்வின் ஹாட்ஃபீல்ட் கவுன்சில் பகுதியில் 2001-இல் வைக்கோல் கொட்டகைக்கு அனுமதி பெற்ற ஒருவர், வெளியே கொட்டகையாகவும் உள்ளே மூன்று படுக்கையறைகளும் உடற்பயிற்சி அறையும் கொண்ட வீடாகவும் ஒன்றைக் கட்டி, நான்கு ஆண்டுகள் குடியிருந்த பின் சட்டபூர்வச் சான்றிதழ் கேட்டார். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக மறுத்தது. சர்ரே மாவட்டத்தின் சால்ஃபர்ட்ஸில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அவற்றின் பின்னே கோட்டை போன்ற வீட்டைக் கட்டி 2006 வரை மறைத்து வைத்திருந்த விவசாயியின் வீடு, நீண்ட வழக்குகளுக்குப் பின் 2016-இல் இடிக்கப்பட்டது. வேண்டுமென்றே மறைத்த மீறல்களில், கால வரம்பு கடந்த பின்னரும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் ஆணையோடு நடவடிக்கை எடுக்க 2011-ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் கவுன்சிலுக்கு வழி செய்திருக்கிறது.

வெளிப்படையாகவே நின்ற கட்டடம் வரம்பைக் கடந்துவிட்டது என்றால், 191-ஆம் பிரிவின்கீழ் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் நிகழ்தகவில் எது மேலோங்குகிறது என்பதே அளவுகோல். உங்கள் சொந்த வாக்குமூலம் போதிய அளவு துல்லியமாகவும் குழப்பமின்றியும் இருந்து, அதை மறுக்கும் ஆதாரம் கவுன்சிலிடம் இல்லையென்றால், வேறு சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது.

கட்டிய பின் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தைப் பலரும் முதல் மருந்தாக நினைக்கிறார்கள். இப்போது அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அத்தகைய விண்ணப்பம் போட்ட பிறகு அதே கட்டடத்துக்கு அமலாக்க நோட்டீஸ் வந்தால், அனுமதி தந்திருக்க வேண்டும் என்ற முதன்மையான வாதத்தை மேல்முறையீட்டில் வைக்கும் உரிமை பறிபோகக்கூடும். ஆகவே இரண்டு வழிகளில் எதை எடுப்பது என்பதை ஆலோசகரோடு பேசி முடிவு செய்த பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

அமலாக்க நோட்டீஸ் வந்துவிட்டால், அது நடைமுறைக்கு வரும் தேதியை முதலில் பாருங்கள். கையில் கிடைத்ததிலிருந்து அந்தத் தேதிவரை குறைந்தது 28 நாள்கள் இருக்கும். மேல்முறையீடு அந்தத் தேதிக்கு முன்பே பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் ஏற்கப்படாது, நீட்டிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அதன் பின் கிரிமினல் வழக்கில்கூட, மேல்முறையீட்டில் எழுப்பியிருக்கக்கூடிய வாதங்களை எழுப்ப முடியாது. நேரத்தோடு தாக்கல் செய்தால், முடிவு வரும்வரை நோட்டீஸ் செயல்படாமல் நிற்கும். தகராறு முழுவதிலும் மன்னிப்பே இல்லாத இடம் இதுதான்.

174-ஆம் பிரிவு ஏழு காரணங்களைத் தருகிறது. அனுமதி தரப்பட வேண்டும் என்பது ஏ காரணம். இதற்கு விண்ணப்பக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு கவுன்சிலுக்குச் செலுத்த வேண்டும். நோட்டீஸ் சொல்வது நடக்கவே இல்லை என்பது பி. நடந்தது மீறல் அல்ல என்பது சி. ஏ வகுப்பின் உரிமையில் கட்டினேன் என்று வாதிடுவோர் இதில்தான் நிற்க வேண்டும், முன்பு சொன்ன கோப்பு முழுவதும் இங்குதான் பயன்படும். கால வரம்பு கடந்துவிட்டது என்பது டி. நோட்டீஸ் முறைப்படி வழங்கப்படவில்லை என்பது இ. கேட்கும் நடவடிக்கை தேவைக்கு மிஞ்சியது என்பது எஃப். அவகாசம் போதாது என்பது ஜி. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாதீர்கள். மற்ற வாதங்கள் தோற்றாலும், முழுக் கொட்டகையையும் இடிப்பதற்குப் பதிலாக உள்ளே போட்ட சமையலறையையும் தடுப்புச் சுவர்களையும் அகற்றினால் போதும் என்ற தீர்வையோ, ஈனும் பசுக்களைக் குளிர்காலத்தில் வெளியேற்றாமல் இருக்க மூன்று மாதம் பன்னிரண்டு மாதமாகும் நீட்டிப்பையோ இவ்விரண்டின் வழியேதான் பெற முடியும்.

வீடாக மாற்ற நினைப்போருக்கு

அதே பொது அனுமதி ஆணையின் க்யூ வகுப்பு விவசாயக் கட்டடத்தைக் குடியிருப்பாக்கத் தனி உரிமை தருகிறது. 2024 மே 21 முதல் ஒரு பண்ணையில் மொத்தம் 1,000 சதுர மீட்டருக்குள், ஒவ்வொன்றும் 150 சதுர மீட்டருக்கு மிகாத 10 வீடுகள் வரை அனுமதிக்கப்படலாம். கவுன்சிலுக்கு 56 நாள் அவகாசம். தேசியப் பூங்காக்கள், பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சிப் பகுதிகள், மரபுக் கட்டடங்கள் ஆகியவற்றில் இந்த உரிமை இல்லை. தகராறு பெரும்பாலும் கட்டடத்தின் வலிமையைப் பற்றி எழும். மூன்று பக்கம் திறந்த இரும்புச் சட்டக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பி வீடாக்குவது மாற்றம் ஆகாது, புதிதாகக் கட்டுவதே என்று 2016-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை இல்லாமல் விண்ணப்பிக்க வேண்டாம். ஏ வகுப்பில் புதிய கொட்டகை கட்டியிருந்தால் அந்தப் பண்ணையில் பத்து ஆண்டுகளுக்கு க்யூ வகுப்பு இல்லை. க்யூவைப் பயன்படுத்தினால் பத்து ஆண்டுகளுக்கு ஏ வகுப்பில் புதிய கட்டடமும் இல்லை. எது முதலில் வேண்டும் என்பதைப் பண்ணையின் எதிர்காலத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

எதிர்க்கும் அண்டை வீட்டாருக்கு

கோழிப்பண்ணைக் கூடங்கள் வரப்போகும் ஊரில் வாழ்வோரின் கவலையும் மெய்யானது. 85,000 இறைச்சிக் கோழிகளுக்கு மேல் என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். 40,000 கோழிகளுக்கான இடங்களைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி தனியாகத் தேவை. ஷ்ராப்ஷையரில் நான்கு கோழிக் கூடங்களுக்குத் தரப்பட்ட அனுமதியை 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. வேறு பண்ணைகளின் வயல்களில் கோழி எருவைப் பரப்பும்போது எழும் நாற்றத்தையும் தூசியையும் மதிப்பீடு முறையாக ஆராயவில்லை என்பதே காரணம். எதிர்ப்புக் கடிதம் எழுதுவோர் வீட்டு விலை குறையும் என்பதை விட்டுவிட்டு, எரு எங்கே போகிறது, லாரி எந்தச் சாலையில் வருகிறது, காற்று எத்திசையில் வீசுகிறது, 400 மீட்டர் எங்கே முடிகிறது என்பவற்றைக் கேட்டால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும். கவுன்சில் தந்த அனுமதிக்கு எதிராக அண்டை வீட்டாருக்கு மேல்முறையீட்டு உரிமை கிடையாது. ஆறு வாரங்களுக்குள் நீதிமுறை மறுஆய்வு கேட்பதுதான் அவர்களுக்குள்ள வழி, அதிலும் சட்டப் பிழையை மட்டுமே சுட்ட முடியும்.

இன்ஸ்பெக்டரின் முடிவுக்குப் பிறகு

அனுமதி மறுப்பின் மீதான முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல ஆறு வாரங்கள். அமலாக்க மேல்முறையீட்டு முடிவை எதிர்க்க 28 நாள்கள். இரண்டுக்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இரண்டிலும் சட்டப் பிழை மட்டுமே ஆராயப்படும்; கொட்டகை தேவையா என்பது மறுபடி பேசப்படாது. அமலாக்க நோட்டீஸ் உறுதிசெய்யப்பட்டால் அதில் குறித்த அவகாசம் முடிவுத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். அதற்குள் பணி முடியாவிட்டால் வரம்பற்ற அபராதம் விதிக்கப்படலாம். கவுன்சிலே உள்ளே வந்து இடித்து, செலவை நிலத்தின்மீது ஏற்றவும் முடியும். முடிக்க இயலாத நிலை வந்தால் கெடு முடியும் முன்பே கவுன்சிலுக்கு எழுதி, எதுவரை ஆகியிருக்கிறது, மீதி எந்த நாளில் முடியும் என்பதைப் படங்களோடு தெரிவித்து, அவகாசத்தை நீட்டிக்கக் கேளுங்கள். அந்த அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு.